பழைய வீட்டுப் படத்த முடி மாதிரி கோடு கூட தெரியுற அளவுக்கு ஃபோட்டோ எடுக்கிறது எப்படி

ஒண்ண முதல்லயே சொல்லிடுறேன், படத்த ஸ்கேனர்ல கவுத்து வைக்காதீங்க. எங்க பக்கம் ஒரு வீட்டுல வெண்ணெய்க் கிருஷ்ணன் தஞ்சாவூர்ப் பலகைப் படம் ஒண்ணு, ஏதோ ஒரு கடையில ஃபிரேமக் கழட்டி ஸ்கேனர்ல கவுத்துப் போட்டு எடுத்திருக்காங்க, திருப்பித் தூக்குறப்ப காதுத் தோடுல இருந்த தங்க ரேக்கு, அதாவது மெல்லிசுத் தங்கத் தகடு, கொஞ்சம் ஸ்கேனர் கண்ணாடியோட ஒட்டிக்கிட்டு வந்துருச்சு, அத அந்தப் பையன் அழுக்குன்னு நினைச்சு துணியால துடைச்சும் போட்டுட்டான். சரி ஸ்கேனாவது நல்லா இருந்துச்சான்னா அதுவும் இல்ல. கம்மி விலை ஸ்கேனருக்கு கண்ணாடிய ஒட்டி இருக்கிறது மட்டும்தான் ஷார்ப்பா தெரியும், அதனால மக்கு (சாக்குப் பொடியும் பசையும் கலந்த கெட்டிக் குழம்பு) வச்சு மேடா இருக்கிற நகை எல்லாம் பளிச்சுனு வந்து, பள்ளத்துல இருக்கிற முகம் மொத்தமும் பஞ்சு மாதிரி மங்கிப் போயிருந்துச்சு.

நான் ரொம்ப வருசம் கல்யாண ஃபோட்டோ எடுத்துக்கிட்டு இருந்தவன். இப்ப காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர்னு வீடு வீடா போயி பழைய படங்கள எடுத்துத் தர்றதுதான் பாதி வேலை. எல்லாரும் கேக்குற முதல் கேள்வி "எத்தன மெகாபிக்சல் கேமரா வாங்கணும்ணே". அந்த ஆர்வத்துல கால்வாசிய லைட்டு மேலயும் மட்டம் மேலயும் காட்டினா போதும், பழைய 24 மெகாபிக்சல் கேமராவுலயே கிருஷ்ணன் கண் இமைய எண்ணலாம். 200 மெகாபிக்சல் ஃபோன் இருக்கேன்னு கேப்பீங்க, அது கடலைப்பருப்பு சைஸ் சென்சார், மெல்லிசுக் கோட்ட அதுவா மொழுகி அதுவா ஒரு கோடு வரைஞ்சு குடுக்கும், வாட்ஸப்புக்கு ஓகே.

கைய வைக்கிறதுக்கு முன்னாடி அந்தப் படம் எதால ஆனதுன்னு தெரிஞ்சுக்கங்க, அப்பதான் எது உதிரும்னு தெரியும். பலகைப் படம்னா, அதாவது தஞ்சாவூர்ப் படம், கீழ மரப்பலகை, பெரும்பாலும் பலா, அதுமேல புளியங்கொட்டைப் பசையோ வேற பசையோ போட்டு ஒட்டின துணி, அதுமேல சாக்குப் பொடியும் பசையும் கலந்த பூச்சு, நகையும் வளைவும் வர்ற இடத்துல மக்கு, அதுமேல தங்க ரேக்கு, கண்ணாடிக் கல்லு, கடைசியா வர்ணம். இத்தன அடுக்கும் ஒரே மாதிரி சுருங்கி விரியாது, மரம் ஒரு பக்கம் இழுக்கும் பூச்சு ஒரு பக்கம் நிக்கும், அங்கதான் வெடிப்பு விழும். கண்ணாடிப் படம்னா கதையே வேற, வர்ணம் கண்ணாடிக்குப் பின்பக்கம் இருக்கும், முதல்ல மையும் நகையும் போட்டு அப்புறம்தான் பின்னணி போடுவாங்க, தலைகீழ் வேலை. கண்ணாடி மேல வர்ணத்துக்குப் பிடிமானமே கிடையாது, எப்ப வேணா சில்லு சில்லா கழண்டு வரும். மூணாவது, 1894-ல பம்பாய்ல ஆரம்பிச்ச ரவி வர்மா பிரஸ்ல அச்சடிச்ச லட்சுமி, சரஸ்வதி படங்கள், அதுமேல நம்ம வீட்டுப் பொம்பளைங்க ஜரிகை, ஜிகினா, துணியெல்லாம் வச்சுத் தைச்சு ஒட்டி அலங்காரம் பண்ணினது. கீழ பேப்பர் அப்பளம் மாதிரி ஆகியிருக்கும், அதுமேல ஜரிகை கனம், பாத்துக்கங்க.

அப்புறம் அனுமதி. சிரிக்காதீங்க, இங்க இது பெரிய விசயம். வீடு பத்துப் பங்காளிக்குப் பொதுவா இருக்கும், ஒருத்தர் சென்னையில, ஒருத்தர் மலேசியாவுல, சாவி மட்டும் வாட்ச்மேன்கிட்ட. ஒருத்தர் சரின்னு சொன்னார்னு போயி நான் படத்த இறக்கி வச்சதும் இன்னொருத்தர் ஃபோன்ல கத்துனது இன்னும் காதுல நிக்குது. இப்பெல்லாம் படைப்புக்கு, அதாவது முன்னோர் கும்பிடுக்கு, எல்லாரும் ஊருக்கு வர்றப்ப, வளவுல (முத்தத்தச் சுத்தின தாழ்வாரத்துல) எல்லாரும் உக்காந்திருக்கும்போதே கேட்டு எழுதி வாங்கிடுறது, யாருக்கு காப்பி போகணும், இணையத்துல போடலாமா கூடாதா எல்லாமே. சாமி வீட்டுக்குள்ள இருக்கிற படம்னா பெரிய ஆச்சிகிட்ட தனியா கேட்டுருங்க.

இறக்குறது அடுத்த கண்டம். (கண்ணாடிப் படத்த மட்டும் இறக்காதீங்க, அதப் பின்னாடி தனியா சொல்றேன்.) வளவச் சுத்தி உசரத்துல முன்னாடி சாஞ்ச மாதிரி மாட்டியிருப்பாங்க, கயிறு இத்துப் போயிருக்கும், ஆணி துருவேறி இருக்கும், பின்னாடி குளவிக் கூடும் பல்லி முட்டையும் உறுதி. இறக்குறதுக்கு முன்னாடி மாட்டின இடத்துலயே ஒரு ஃபோட்டோ எடுத்துருங்க, எந்த ஆணி எந்தப் படம்னு. ரெண்டு பேர் வேணும், ஃபிரேமோட அடிப்பக்கத்த ரெண்டு கையாலயும் தாங்கணும், கயித்தப் புடிச்சுத் தூக்கக் கூடாது. மோதிரம், வளையல், வாட்ச், சட்டைப் பையில பேனா, கழுத்துல தொங்குற ஐடி கார்டு எல்லாத்தையும் கழட்டி வச்சுட்டுதான் கிட்ட வரணும். குனியுறப்ப பேனா விழுந்து மக்குல குத்தினா அத ஒட்டவே முடியாது.

இறக்கினதும் படுக்க வச்சு, அறைய இருட்டாக்கி, ஒரு டார்ச்ச படத்தோட தரைமட்டத்துக்கு சாச்சு பக்கவாட்டுல அடிங்க. நேரா அடிச்சா ஒண்ணும் தெரியாது, சாச்சு அடிச்சா தூக்கிக்கிட்டு நிக்கிற ஒவ்வொரு செதிலுக்கும் நிழல் விழும். ஓரம் மட்டும் தூக்கியிருந்தா குறிச்சு வச்சுக்கிட்டு மேல போகலாம். லேசா ஊதினாலே ஆடுற மாதிரி இருந்தா (ஊதாதீங்க, பேச்சுக்கு சொல்றேன்) அதோட நிறுத்திடுங்க, படுக்க வச்ச நிலையிலயே விட்டுட்டு பாதுகாப்பு வேலை தெரிஞ்சவங்கள கூப்பிடுங்க. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துல இதுக்குன்னே ரசாயனப் பாதுகாப்புப் பிரிவு இருக்கு, யோசனை கேக்கவாச்சும் அங்க போகலாம். ஃபெவிகால், ஃபெவிகுவிக் பக்கமே போகாதீங்க, கெஞ்சிக் கேட்டுக்குறேன்.

சுத்தம் பண்றேன்னு கிளம்பாதீங்க. விளக்குக் கரி, குங்குமம், சந்தனம் எல்லாம் அம்பது வருசமா ஏறி உக்காந்திருக்கும், ஈரத்துணி பட்டா கீழ இருக்கிற வர்ணத்தையும் சேத்துக் கூட்டிட்டுப் போயிரும், பசை கலந்த வர்ணம்தானே. எதுவும் தூக்கி நிக்காத இடத்துல, ரொம்ப மெத்துனு இருக்கிற பிரஷ்ஷால தூசிய ஓரத்துக்குத் தள்ளுறதோட சரி. ஸ்ப்ரே கேன்ல வர்ற காத்து வேண்டாம், சில சமயம் அதுல இருந்து திரவம் தெறிக்கும். குங்குமம் அப்படியே ஃபோட்டோவுல வரட்டும், அது நெத்தியில யாரோ தினம் வச்சது, அதுவும் அந்தப் படத்தோட சேத்திதான். ஜரிகைப் படத்துக்கு முன்னாடி இருக்கிற கண்ணாடியவும் கழட்டாதீங்க, பேப்பர் கண்ணாடியில ஒட்டியிருந்தா கழட்டுறப்ப லட்சுமி முகம் பாதி கண்ணாடியோட வந்துரும்.

எந்த மாசம்ங்கிறதும் இருக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில மரம் ஊறியிருக்கும், சித்திரை வெயில்ல காஞ்சு சுருங்கியிருக்கும், நான் தை, மாசியில வேலைய வச்சுக்குறேன். சில நூறு ரூபாய்க்கு ஈரப்பத மீட்டர் கிடைக்குது, 45-ல இருந்து 55 சதவீதம் இருந்தா சந்தோசம். அத விட முக்கியம் திடீர்னு மாத்தாம இருக்கிறது. நம்ம பழைய வீட்டுச் சுவரு குளுகுளுன்னு ஒரே சீரா வச்சிருக்கும், அங்க நூறு வருசம் இருந்த படத்தத் தூக்கிட்டுப் போயி டவுன் ஸ்டுடியோ ஏசியில வச்சா மரம் படக்குனு சுருங்கும். அதனால கேமராதான் படத்துக்கிட்ட போகணும்.

இப்ப கணக்கு. எவ்வளவு ரெசல்யூஷன் வேணும்ங்கிறத படத்தோட சைஸ வச்சு முடிவு பண்ணாதீங்க, அதுல இருக்கிற ஆக மெல்லிசான கோட்ட வச்சு பண்ணுங்க. ஒரு பூதக்கண்ணாடியும் ஸ்கேலும் எடுத்துக்கிட்டு இமை, மீசை, புடவை பார்டர் பாருங்க. 0.1 மிமீ கோடு இருக்குன்னு வைங்க. 300 பிபிஐல, அதாவது ஒரு இஞ்ச்சுக்கு 300 பிக்சல்னா, ஒரு பிக்சல் 0.085 மிமீ, கோட்டுக்கு ஒரு பிக்சல்தான் கிடைக்கும், அது கோடா தூசியான்னே தெரியாது. 600-ல ரெண்டு பிக்சலுக்கு மேல, கோடுன்னு தெரியும். 1200-ல நாலரைக்கு மேல, பிரஷ்ஷு எங்க அழுத்துச்சு எங்க தூக்குச்சுன்னு தெரியும். ஒலியோகிராஃபுக்கு, அதாவது அந்த ரவி வர்மா அச்சுப் படத்துக்கு, 600 போதும், அதுல அச்சுப் புள்ளிக்கு மேல பாக்க ஒண்ணும் இல்ல. நல்ல பலகைப் படத்துக்கு 1200 போங்க.

24 மெகாபிக்சல்னா 6000-க்கு 4000. 1200 பிபிஐ வேணும்னா ஒரு ஷாட்டுல 5 இஞ்ச்சுக்கு 3.3 இஞ்ச் இடம்தான் எடுக்க முடியும். 24-க்கு 18 இஞ்ச் படம்னா, பக்கத்து ஷாட்டோட 30 சதவீதம் சேந்து வர்ற மாதிரி எடுத்தா, குறுக்க 7, நெடுக்க 8, மொத்தம் 56 ஷாட். ஒட்டி முடிச்சா 28,800-க்கு 21,600, 62 கோடி பிக்சல். ஆம்ஸ்டர்டாம்ல ரைக்ஸ்மியூசியம் ரெம்ப்ராண்டோட நைட் வாட்ச் படத்த இதே வழியிலதான் எடுத்தாங்க, 100 மெகாபிக்சல் கேமரா, 8,439 ஷாட், ஒரு பிக்சலுக்கு 5 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மிமீ), 2022-ல வெளியிட்டாங்க, 717 கிகாபிக்சல். நம்ம 1200 பிபிஐல ஒரு பிக்சல் 21 மைக்ரான். அவங்களுக்கு ஒரு மியூசியமே பின்னாடி இருக்கு, நமக்கு வாட்ச்மேன் அண்ணனும் ஒரு ஃபிளாஸ்க் டீயும், அந்த அளவுக்கு இது மோசமில்ல.

எந்த அறையில எடுக்கிறது? வளவுல எடுக்க ஆசையா இருக்கும், வெளிச்சம் அள்ளும், ஆனா முத்தத்து வெளிச்சம் மேகம் போனா ஒரு மாதிரி வந்தா ஒரு மாதிரி, 56 ஷாட்டும் 56 கலர்ல வரும். உள்ளறைதான் சரி, ஜன்னல் கதவ சாத்திட்டு. தரை ஆத்தங்குடிக் கல்லுன்னா கட்டாயம் கறுப்புத் துணி விரிங்க. அந்த செவப்பும் பச்சையும் மேல தெறிச்சு படத்துல வெள்ளையா இருக்கிறதெல்லாம் லேசா ரோஸ் அடிக்கும், நான் முதல் வீட்டுல இதுக்குக் காரணம் தெரியாம ரெண்டு நாள் கேமராவத் திட்டிக்கிட்டு இருந்தேன். சுவரும் அப்படித்தான், முட்டை வெள்ளைக்கரு போட்டு இழைச்ச சுவர் கண்ணாடி மாதிரி மினுங்கும், அங்கயும் துணி. மாடியில தேக்குப் பலகைத் தரை இருந்தா அங்க வேண்டவே வேண்டாம், நீங்க மூச்சு விட்டாலே கேமரா ஆடும். கீழ, கல்தரையில, ஃபேன் ஆஃப் பண்ணிட்டு.

ட்ரைபாட்ட படத்துக்கு மேல நீட்டி எடுக்கிறவங்கள பாத்தா எனக்கு வயித்தக் கலக்கும், ஒரு கால் வழுக்கினா ஒன்றரைக் கிலோ கேமரா நேரா சாமி மேலதான். நான் கடையில ரேக் அடிப்பாங்கள்ல அந்த ஸ்லாட்டட் ஆங்கிள்ல நாலு கால் வச்சு சின்னப் பந்தல் மாதிரி ஒண்ணு அடிச்சு வச்சிருக்கேன், நடுவுல கேமரா கீழ பாத்த மாதிரி போல்ட் பண்ணி, கூடவே ஒரு நைலான் கயிறும் கட்டிருவேன். பந்தலுக்கு அடியில மேசை, மேசைன்னா ஒரு ஃப்ளஷ் டோர், 7 அடிக்கு 3 அடி. அதுமேல 18 மிமீ பிளைவுட், அடியில ஃபெல்ட் ஒட்டினது, அதுமேல படம். கேமராவும் லைட்டும் அசையாது, படம் உக்காந்திருக்கிற பலகை மட்டும் நகரும், அதனால ஒவ்வொரு ஷாட்டுக்கும் வெளிச்சம் ஒரே மாதிரி. கதவு மேல ஒரு ரீப்பர அடிச்சு அத ஒட்டினாப்ல நகத்துங்க, பென்சில்ல மூணரை இஞ்ச்சுக்கு ஒரு கோடு, ஒரு வரிசை முடிஞ்சா ரீப்பர ரெண்டேகால் இஞ்ச் தள்ளுங்க. நகத்தினதும் பத்து செகண்ட் சும்மா இருங்க. செதில் தூக்கின படம்னா பலகைய நகத்தாம கேமராவ நகத்துற மாதிரி வச்சுக்கங்க, கொஞ்சம் கூட வேலை, பரவாயில்ல.

மட்டம். கொத்தனார் ரசமட்டம் வச்சு மேசையப் பாருங்க, ஆனா கேமராவுக்கு அது பத்தாது. ஒரு சின்ன முகம் பாக்குற கண்ணாடிய படம் வர்ற உசரத்துல, படத்து மேல இல்ல, அது இன்னும் மேசைக்கே வரல, பலகை மேல வச்சு கேமரா வழியா பாருங்க. லென்சோட கறுப்பு வட்டம் கேமராத் திரையோட நட்ட நடுவுல தெரிஞ்சா கேமரா நேரா கீழ பாக்குது. ஒரு மிமீ தள்ளித் தெரிஞ்சாலும் திருகுங்க, எனக்கு சில நாள் இதுக்கே ஒரு மணி நேரம் ஆகும், அந்த ஒரு மணி நேரத்த மிச்சம் புடிச்சவங்க அப்புறம் ஒட்டும்போது ஒரு வாரம் அழுவாங்க.

லென்ஸ் 90 இல்ல 100 மிமீ மேக்ரோ, அதுல படத்துக்கும் லென்சுக்கும் ஒன்றரை அடி இடைவெளி இருக்கும். எஃப் 8 (லென்ஸ் துளையோட அளவு), ஐஎஸ்ஓ 100, ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ், எக்ஸ்போஷர் எல்லாம் மேனுவல், ரா ஃபைல் (கேமரா கை வைக்காத மூல ஃபைல்), ரிமோட்டோ டைமரோ. எஃப் 16, 22-ன்னு மூடினா எல்லாமே ஷார்ப்பா வரும்னு நினைக்காதீங்க, துளை சின்னதானா வெளிச்சமே கலங்கி மெல்லிசுக் கோடு மொத்தமா மழுங்கும். படத்தக் கொண்டு வர்றதுக்கு முன்னாடி புது ரூபா நோட்டு ஒண்ண அந்த உசரத்துல வச்சு எடுத்துப் பாருங்க, அதுல இருக்கிற பொடி எழுத்த படிக்க முடிஞ்சா ரெடி. பாத்துட்டு அந்த ஃபைல அழிச்சுடுங்க.

மக்கு வேலை மூணு நாலு மிமீ மேடா இருக்கும், ஆனா இவ்வளவு கிட்ட எஃப் 8-ல ஷார்ப்பா வர்ற ஆழம் ஒன்றரை மிமீ சுமார்தான். அதனால ஒவ்வொரு இடத்துலயும் முகத்து மட்டத்துல ஒண்ணு, கல்லு உச்சியில ஒண்ணு, நடுவுல ரெண்டுன்னு நாலு ஃபோகஸ்ல எடுத்து, முதல்ல அந்த நாலையும் ஒண்ணாக்கிட்டு அப்புறம்தான் பக்கத்து ஷாட்டோட ஒட்டணும். மாத்திப் பண்ணினா கோடெல்லாம் ரெட்டை ரெட்டையா வரும்.

லைட்டுக்கு வருவோம். ஹாலஜன் வேண்டாம், சூடு. எல்ஈடின்னா சிஆர்ஐ (கலர எவ்வளவு சரியா காட்டுதுங்கிற அளவு) 95-க்கு மேல இருக்கிறதா வாங்குங்க, மட்டமான எல்ஈடி நம்ம கரண்டோட சேந்து மினுக்கி ஃபோட்டோவுல பட்டை பட்டையா விழும். என் ஓட்டு ஃப்ளாஷுக்கு, ரெண்டு பக்கமும் 45 டிகிரியில ஒவ்வொண்ணு, ஒரே தூரம், ஒரே பவர். படத்த வைக்கிறதுக்கு முன்னாடி அதே இடத்துல ஒரு வெள்ளை அட்டைய வச்சு ஒரு ஷாட் எடுத்து வைங்க, மூலையில வெளிச்சம் கம்மியானத அத வச்சு சாஃப்ட்வேர்ல சரி பண்ணிக்கலாம்.

இனிமேதான் தங்கம் படுத்துற பாடு. வார்னிஷ் பளபளப்பு போகணும்னா ஃப்ளாஷ் முன்னாடி போலரைசர் ஷீட், லென்ஸ்ல போலரைசர் ஃபில்டர், ரெண்டையும் எதிரெதிரா திருப்பணும். சரியா திரும்பிச்சான்னு பாக்க ஒரு எவர்சில்வர் கரண்டிய கீழ வைங்க, கரண்டி மினுமினுப்பு செத்து கறுத்துப் போச்சுன்னா அதுதான் இடம். ஃப்ளாஷ் பவர மூணு ஸ்டாப் கிட்ட, அதாவது எட்டு மடங்கு கிட்ட, ஏத்த வேண்டி வரும். இப்படி எடுத்தா முகம், புடவை, பின்னணி எல்லாம் அற்புதமா வரும், வார்னிஷுக்கு அடியில இருக்கிற கோடு கூட தெரியும், ஆனா கரண்டிக்கு என்ன ஆச்சோ அதேதான் தங்க ரேக்குக்கும் ஆகும், திருவாச்சி முழுக்க காபிப்பொடி கலர்ல செத்துக் கிடக்கும். நான் முதல் தடவ இப்படி எடுத்துக் குடுத்தத பாத்துட்டு ஆச்சி, "தம்பி, எங்க வீட்டுப் படத்துல தங்கம் இருந்துச்சே, எங்க?"ன்னு கேட்டாங்க, பதில் சொல்ல முடியல.

அதனால ரெண்டு தடவ எடுக்கணும். ஒவ்வொரு இடத்துலயும் போலரைசரோட ஒரு செட், அது இல்லாம, ஒரு பெரிய வெள்ளைத் துணி வழியா மெத்துனு வர்ற வெளிச்சத்துல ஒரு செட். தங்கத்துக்குன்னு சொந்தக் கலர் பாதிதான், மீதி அதுக்கு எதிர்த்தாப்ல என்ன இருக்கோ அது, வெள்ளைத்துணி இருந்தா தங்கமா தெரியும், இருட்டு இருந்தா இருட்டா தெரியும். 56 இடம், 4 ஃபோகஸ், 2 லைட், 448 ஷாட். அரை நாள் போயிரும், மத்தியானச் சாப்பாட்ட முன்னாடியே சொல்லி வச்சுக்கங்க. முடிஞ்சா மூணாவதா, முழுப் படத்தையும் ஒரே ஒரு ஷாட், லைட்ட ஒரு பக்கம் தரையோட சாச்சு வச்சு. அழகா இருக்காது, ஆனா பத்து வருசம் கழிச்சு எந்த வெடிப்பு புதுசு எது பழசுன்னு அதுதான் சொல்லும்.

கலருக்கு 24 கட்டம் போட்ட கலர் செக்கர் அட்டை ஒரிஜினலா வாங்குங்க, ஜெராக்ஸ் பிரிண்ட் எடுத்தது வேலைக்காகாது. அத ஒவ்வொரு லைட் செட்டுலயும் ஒரு ஷாட், படத்து மேல வைக்காம பக்கத்துல, அதே உசரத்துல. ஒரு ஸ்கேலும் கூட வைங்க.

கண்ணாடிப் படத்துல நான் பண்ணின தப்ப சொல்லிடுறேன். ஒரு யசோதா கிருஷ்ணர், ரெண்டடிக்கு ஒன்றரை, நல்லா இருக்கேன்னு இறக்கி மேசை மேல முகம் மேல பாத்த மாதிரி வச்சேன், அதாவது வர்ணம் கீழ தொங்குற மாதிரி. வைக்கும்போதே ஃபிரேமுக்குள்ள மணல் உதிர்ற மாதிரி சத்தம். நிமித்திப் பாத்தா யசோதா கைக்குப் பக்கத்துல ஒரு உளுந்து அளவுக்கு ஓட்டை, சில்லு பின்னட்டைக்கும் கண்ணாடிக்கும் நடுவுல போயி விழுந்துருச்சு. வீட்டுக்காரங்க பெருசா எடுத்துக்கல, எனக்குத்தான் ரெண்டு நாள் தூக்கம் இல்ல. அதுல இருந்து கண்ணாடிப் படத்த இறக்குறதே இல்ல, தொங்குற இடத்துலயே சாரம் கட்டி எடுக்குறேன். சாஞ்சு தொங்குற படம்னா அதே கோணத்துக்கு கேமராவையும் சாய்க்கணும், மட்டத்துக்கு அதே முகக் கண்ணாடி வித்தைதான், ஃபிரேமுக்குப் பக்கத்துல புடிச்சு. எப்படியும் படுக்க வச்சே ஆகணும்னா வர்ணப் பக்கம் மேல இருக்கணும், கண்ணாடி கீழ. உங்க மூஞ்சியும் கேமராவும் கண்ணாடியில தெரியாம இருக்க ஒரு கறுப்புத் துணியில லென்ஸ் அளவு ஓட்டை போட்டு நடுவுல தொங்க விடுங்க. பிரதிபிம்பம் போக போலரைசர் இங்க நல்லாவே உதவும், ஆனா பின்னாடி தகடோ ரேக்கோ வச்சிருந்தா இங்கயும் ரெண்டு செட் எடுக்கணும்.

ஒட்டுறதுக்கு ஹ்யூகின் இலவசம், பிடிகுய் காசு, ரெண்டும் நல்லா இருக்கு. கவனிக்க வேண்டியது, இதுகள்லாம் ஒரே இடத்துல நின்னு சுத்தி எடுத்த பனோரமாவுக்குன்னு பண்ணினது, நம்ம கேமரா சுத்தல, படம்தான் நகந்துச்சு, அதனால ஹ்யூகின்ல மொசைக் முறை, அதாவது எக்ஸ், ஒய் நகர்வ கணக்குப் போடுற ஆப்ஷன எடுக்கணும். இன்னொரு தொல்லை பார்டர். ஒரே பூ, ஒரே முத்து வரிசை திரும்பத் திரும்ப வந்தா சாஃப்ட்வேர் மூணாவது பூவ நாலாவது பூவோட ஒட்டிப்புடும், ஒரு முத்து காணாமப் போனது உங்க கண்ணுக்கே தெரியாது. அதனால ஒட்டினப்புறம் ஸ்கேல் அளவோட சரி பாருங்க, அசல் படத்துல முத்த எண்ணி வச்சுக்கிட்டா இன்னும் நல்லது. ஷார்ப்னஸ் ஏத்துறது, சேச்சுரேஷன் ஏத்துறது எதுவும் மூல ஃபைல்ல வேண்டாம். வெடிப்ப அழிச்சு புதுசாக்கிக் குடுன்னு கேப்பாங்க, அத வேணா தனி காப்பியில பண்ணிக் குடுங்க.

ஃபைல் சைஸு. 62 கோடி பிக்சல், 16 பிட் டிஃப்னா 3.7 ஜிபி. சாதா டிஃப் 4 ஜிபியோட முடிஞ்சுரும், படம் இன்னும் கொஞ்சம் பெருசுன்னா பிக்டிஃப்ல சேவ் பண்ணுங்க. ஃபோட்டோஷாப் பிஎஸ்டி ஒரு பக்கம் 30,000 பிக்சல் தாண்டாது, அதுக்கு மேல பிஎஸ்பி. ஜேபெக் 65,535 வரைக்கும். மலேசியாவுல இருக்கிற பங்காளி ஃபோன்ல பாக்கணும்னா இந்த ஃபைல அனுப்ப முடியாது, ஓபன்சீட்ராகன்னு இலவசமா ஒண்ணு இருக்கு, படத்த சின்னச் சின்னத் துண்டாக்கி மேப் மாதிரி பெருசு பண்ணிப் பாக்க வைக்கும்.

மூணு காப்பி, ரெண்டு வேற வேற சாதனம், ஒண்ணு வேற ஊர்ல. நம்ம ஆளுங்க நாலு நாட்டுல இருக்கிறதால வேற ஊருக்கு மட்டும் பஞ்சமே இல்ல. கோட்டையூர்ல ரோஜா முத்தையா செட்டியார் சேத்து வச்ச புத்தகமும் நோட்டீசும் 1994-ல சென்னையில நூலகமாகி மைக்ரோஃபிலிம் ஆனதாலதான் இன்னைக்கு நாம அதப் பாக்குறோம், அதே காலத்துல கரையான் தின்ன வீடு எத்தனன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். ராவும் டிஃப்பும் வெள்ளை அட்டை ஷாட்டும் கலர் அட்டை ஷாட்டும் ஒரே ஃபோல்டர்ல, வருசத்துக்கு ஒரு தடவ திறந்து பாருங்க, ஹார்ட் டிஸ்க் சொல்லிட்டு சாகாது.

திருப்பி மாட்டுறதுக்கு முன்னாடி பின்பக்கத்தையும் எடுத்துருங்க, இத பாதிப் பேர் மறந்துடுறாங்க. ஃபிரேம் போட்ட கடை லேபிள், ரங்கூன் விலாசம், பென்சில்ல யாரோ எழுதின தேதி எல்லாம் அங்கதான் கிடக்கும், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைக்கு வர்ற படத்துல முக்கால்வாசிக்கு எந்த வீடுன்னே தெரியாம போறது இந்த பின்பக்கத்த யாரும் பாக்காததாலதான். பழைய கயித்த மாத்துங்க, ஆணிய ஆட்டிப் பாருங்க. ஃபைல் நம்பர பின்பக்கம் ஒட்டாதீங்க, ஒரு துண்டு நல்ல பேப்பர்ல பென்சில்ல எழுதி நூல்ல கட்டி கொக்கியில தொங்க விடுங்க, குளவி மறுபடி கூடு கட்டினாலும் நூல் வெளிய தெரியும்.